6 வயசும் 3 வயசும்: ஏற்காட்டுல குழந்தைங்களே நடந்து ஏறற மாதிரி எடம் எது?

ரெண்டு பொண்ணுக்கு அப்பா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொங்கல் லீவுக்கு ஓசூர்ல இருந்து சேலம் அம்மாபேட்டை மாமனார் வீட்டுக்கு வர்றோம். பெரிய பொண்ணுக்கு 6 வயசு, சின்னவளுக்கு 3 முடிஞ்சிருக்கு. போன தடவ ஏற்காடு போனப்ப எல்லாரும் பண்றதத்தான் பண்ணோம். ஏரியில படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட்ல நாலு போட்டோ, மொளகா பஜ்ஜி, திரும்பி கார். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டுனதும் பெரியவ கேட்டா, "அப்பா, மலைக்குப் போறோம்னு சொன்னியே, எப்பப் போவோம்?" அவளப் பொறுத்தவரைக்கும் அது மலையே இல்ல, குளிரான இன்னொரு ஊரு.

இந்தத் தடவ நடக்க வெச்சே ஆகணும்னு இருக்கேன். ட்ரெக்கிங்னு பெருசா எதுவும் வேண்டாம். "நானே ஏறுனேன்"னு வீட்டுக்கு வந்து அவ சொல்லணும், அவ்வளவுதான். சின்னவ பாதி வழியில ரெண்டு கையையும் தூக்கிருவா, அது எனக்கே தெரியும். கூட எங்க அத்தை வர்றாங்க, அவங்களுக்கு முட்டி வலி. யூடியூப்ல பாத்தா எல்லாமே பைக் பசங்க போற எடமா இருக்கு. கொழந்தைங்களக் கூட்டிட்டுப் போனவங்க யாராவது சொல்லுங்க.

கொண்டை ஊசி 20

கிளியூர் அருவி போங்க ப்ரோ. ஏரியில இருந்து 3 கிலோமீட்டர்தான். படி எறங்கி அடியில நின்னு பாத்தா 300 அடி உசரத்துல இருந்து தண்ணி கொட்டும். வேற என்ன வேணும். பசங்க என்ஜாய் பண்ணுவாங்க.

அஸ்தம்பட்டிக்காரி

தம்பி கோச்சுக்காதீங்க, 3 வயசுக் கொழந்தைக்கும் முட்டி வலி இருக்கற அம்மாவுக்கும் கிளியூரச் சொல்லக் கூடாது.

நான் பொறந்து வளந்ததே மேலதான். எங்கப்பா எஸ்டேட்ல ரைட்டர், நாங்க லைன் வீட்டுல இருந்தோம். இப்ப சேலத்துல இருந்தாலும் எங்க வீட்டுப் பொடுசுங்க, தங்கச்சி வீட்டுப் பொடுசுங்கன்னு லீவு விட்டா ஒரு கூட்டத்தக் கூட்டிக்கிட்டு மலை ஏறிருவேன். அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

ஏற்காட்டுல கொழந்தைங்களோட போறவங்க மாட்டிக்கறது ஒரே விஷயத்துலதான். கார் உங்கள நேரா ஒசரத்துல கொண்டு போய் விட்டுருது. அதுக்கப்புறம் பாக்கற எடம் பாதிக்கு மேல கீழ கெடக்கு. அருவின்னா எறங்கணும், குகைன்னா எறங்கணும். கொழந்தைங்க எறங்கறப்ப குதிச்சுக் குதிச்சுத்தான் எறங்கும், தெம்பு பூரா அங்கயே தீத்துரும். அப்புறம் மூச்சு வாங்க மேல ஏறணும்ங்கறப்பதான் அழுகை ஆரம்பிக்கும். 13 கிலோ புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு கிளியூர்ப் படி ஏறிப் பாருங்க, அது செங்குத்து. ஈரம் இருந்தா வழுக்கவும் செய்யும். போதாக்குறைக்கு ஏரி நெறஞ்சு வழியற தண்ணிதான் அந்த அருவிக்கு. நல்ல மழ பேஞ்ச மாசத்துல போனா கொட்டும், பொங்கலுக்குப் போனா எப்படி இருக்கும்னு வருசத்துக்கு வருசம் மாறும். அவ்வளவு தூரம் எறங்கிப் போயி பாறை நனைஞ்சிருக்கறத பாத்துட்டு வர வேண்டி வரும்.

அதனால நான் எடம் தேடறப்ப பாக்கறது, போறப்ப ஏத்தமா, வர்றப்ப எறக்கமா இருக்கான்னு மட்டும்தான். அப்படி இருந்தா எந்த எடத்துல புள்ள உக்காந்துக்கிட்டாலும் திரும்புனா எறக்கம், வண்டி கீழ நிக்குது. கவலையே இல்ல.

அப்படிப் பாத்தா உங்களுக்கு சேர்வராயன் கோயில்தான். ஏரியில இருந்து அஞ்சாறு கிலோமீட்டர். கோயில் இருக்கற உச்சி 1623 மீட்டர். சேலம் டவுன் 280 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கு, அப்ப எவ்வளவு மேல நிக்கறோம்னு பெரியவகிட்டயே கணக்குப் போடச் சொல்லுங்க. எல்லாரும் கோயில் வரைக்கும் கார்லயே போயிருவாங்க. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. கடைசி ஏத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வழிய மறிக்காம ஓரமா எறங்கிக்கோங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரிஞ்சா அத்தையோட அவங்க மேல போயிரட்டும், நீங்க ரெண்டு பொண்ணுங்களோட நடந்து வாங்க. தார் ரோடுதான், ஆனா கொழந்தைக்கு அது ஏத்தம்தான். வண்டி வர்ற பக்கமா நீங்க நடக்கணும், புள்ளைங்க உங்களுக்கு உள்பக்கம்.

மேல போனதும் ஒரு ஆச்சரியம் இருக்கு. மலை உச்சின்னா கூரா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு வந்திருக்கும் புள்ளைங்க. அங்க போனா பெரிய மைதானம். புல்லு, அங்கங்க செம்மண்ணு நெறத்துல ஓட்ட ஓட்டையான பாறை. காத்து அடிக்கற அடியில சின்னவளோட தொப்பி நிக்காது, நாடா வெச்சதாப் போடுங்க. ஓரத்துக்குப் போகாம நடுவுல விட்டீங்கன்னா அரை மணி நேரம் அவங்களே ஓடிப் புடிச்சு வெளையாடுவாங்க. எங்க வீட்டுப் புள்ளைங்க அந்தப் பாறை ஓட்டைக்குள்ள எல்லாம் கைய விட்டு எறும்பு இருக்கா, தண்ணி இருக்கான்னு பாத்துக்கிட்டே உக்காந்துருக்கும். கூப்புட்டாக்கூட வராது.

கோயில் குகைக்குள்ள இருக்கு. கூரை தாழ்வு, நாமதான் குனிஞ்சு போகணும். புள்ளைங்க நிமிந்தே போகும், அதுல அவங்களுக்கு ஒரு பெருமை. உள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்த மலையிலயே வாழற மலையாளி பழங்குடி மக்களோட சாமி அது. மே மாசம் திருவிழா, அன்னிக்கு சுத்துப்பட்டு மலைக்கிராமம் பூரா அங்க இருக்கும். அந்த நாள்ல கைக்குழந்தையோட போகாதீங்க. மத்தபடி எந்த மாசமும் சரி.

அத்தைக்கு நடையே இருக்காது, வண்டி நிக்கற எடத்துல இருந்து கோயில் பக்கம்தான்.

ரெண்டு பொண்ணுக்கு அப்பா

அக்கா, இவ்வளவு வெவரமா யாரும் சொன்னதில்ல. ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். சின்னவளுக்கு வளைவுல வாந்தி வரும், போன தடவ ஏழாவது வளைவுலயே ஆரம்பிச்சுட்டா. குப்பனூர் வழியாப் போனா தேவலையா? இன்னொண்ணு, காட்டெருமை நடமாட்டம்னு பேப்பர்ல அடிக்கடி வருதே, ரோட்ல நடக்கலாமா?

அஸ்தம்பட்டிக்காரி

வாந்திக்கு மொத மருந்து, கையில செல்போனக் குடுக்காம இருக்கறது. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்ட பலகை இருக்கு, மொத்தம் 20. பெரியவ சத்தமா எண்ணட்டும், சின்னவ அடுத்த பலகை எங்கன்னு வெளிய பாத்துக்கிட்டே வரட்டும். தலை நிமிந்து தூரமாப் பாத்தாலே பாதி கொறையும். வெறும் வயித்துலயும் கூட்டிட்டுப் போகாதீங்க, ரொப்பிக்கிட்டும் போகாதீங்க. கெளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு இட்லி போதும். பால் வேண்டாம். கண்ணாடிய எறக்கி விடுங்க, ரெண்டாவது கியர்ல மெதுவா ஏறுங்க, பின்னாடி ஆரன் அடிக்கறவனுக்கு வழி விட்டுருங்க. நடுவுல அகலமான எடமாப் பாத்து ஒரு தடவ நிறுத்தி எறங்கி நிக்க வெச்சாலே மொகம் தெளிஞ்சுரும். அப்படி நிக்கறப்ப கீழ சேலத்துப் பக்கம் காட்டுங்க, வெள்ளை வெளேர்னு மண்ணு தோண்டிப் போட்ட மாதிரி தெரியும். வெள்ளைக்கல் சுரங்கம், மேக்னசைட்டு. வெள்ளைக்காரன் அந்தக் கரட்டுக்கு சாக் ஹில்ஸ்னே பேரு வெச்சான். காது அடைக்குதுன்னு சொன்னா ஒரு வாய் தண்ணி குடிக்க வெச்சாப் போதும். மாத்திரை குடுக்கறதா இருந்தா உங்க டாக்டரக் கேட்டுட்டுக் குடுங்க, மெடிக்கல்ல நீங்களா வாங்காதீங்க.

குப்பனூர் வழி சுத்து. அங்கயும் வளைவு இல்லாம இல்ல, ரோடும் ஒடுக்கம். வாந்திக்காக அந்த வழியில போறதுல லாபம் இல்ல. கூட்டமான நாள்ல போலீசே மேல ஏற ஒரு வழி, எறங்க ஒரு வழின்னு திருப்பி விடுவாங்க, அப்ப எப்படியும் அதுல வரத்தான் போறீங்க.

காட்டெருமை இருக்குங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். விடியக்காலையிலயும் பொழுது சாயறப்பவும் காப்பித் தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு வரும். நல்லா வெயில் வந்த பொறகு நடங்க, அஞ்சு மணிக்கெல்லாம் வண்டியில இருங்க. எதுக்க நின்னா சத்தம் போடக் கூடாது, கல்லெறியக் கூடாது. நின்ன எடத்துல இருந்து மெதுவாப் பின்வாங்கி, அது போற வரைக்கும் காத்திருக்கணும். சாதுவா நிக்குதேன்னு கிட்டப் போயி போட்டோ எடுக்கறவங்களப் பாத்தா எனக்கு அடிக்கணும்போல வரும்.

உண்மையில புள்ளைங்களுக்குத் தொல்ல குரங்குதான். கையில கவரு தெரிஞ்சா புடுங்கிரும். திங்கறது எல்லாம் முதுகுப் பையில, ஜிப் போட்டு. சின்னவ கையில பிஸ்கட்டக் குடுத்து ரோட்ல விட்டுராதீங்க. தண்ணிக்கு வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் செக்போஸ்ட்லயே எடுத்துப்பாங்க.

காப்பிக் கொட்டை

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ரோட்டோரம் தோட்டத்தப் பாத்ததும் கேட்டத் தெறந்துக்கிட்டு உள்ள நடக்கறவங்க இருக்காங்க. அது எல்லாமே யாரோ ஒருத்தரோட எஸ்டேட்டுங்க. நீங்க வர்ற நேரம் பழம் எடுக்கற சீசன் வேற. கூடை கட்டிக்கிட்டு ஆளுங்க வேல பாப்பாங்க, களத்துல கொட்டை காஞ்சுக்கிட்டு இருக்கும். வெளிய நின்னு கேட்டா பல எடத்துல மேஸ்திரியே பழத்தக் கையில குடுத்துக் காட்டுவாரு. செவந்த பழத்த நசுக்குனா வழவழன்னு ரெண்டு கொட்டை வரும், அத சப்பிப் பாத்தா இனிக்கும். காப்பி கசக்குமேன்னு எங்க தோட்டத்துக்கு வந்த ஒரு பையன் அடம்புடிச்சு நம்ப மாட்டேன்னுட்டான். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வெச்ச பயிரு இது, இந்த மலையில பாதிப்பேரு சோறு திங்கறது அதனாலதான்.

பகோடா பாயின்ட் போற ரோட்டையும் சொல்லுவேன் நான். ரெண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், அதுல மொளகுக் கொடி ஏறியிருக்கும், நல்ல நெழல். கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்கறாப்ல எறங்கிக்கோங்க. முடிவுல கல்ல அடுக்கி வெச்ச கோபுரம் மாதிரி நிக்கும், பக்கத்துல ராமர் கோயில், கீழ காக்கம்பாடி கிராமம். ஏத்தம் பெருசா இல்ல, 3 வயசு நடந்துரும்.

அஸ்தம்பட்டிக்காரி

ஆமா, பகோடா நல்ல எடம். அதுலயும் காலையில போனா கெழக்க வெயிலு, எதுக்க சமவெளி பூரா தெரியும். மத்தியானத்துக்கு மேல மேகம் ஏறிடுச்சுன்னா பத்தடி தள்ளி நிக்கறவங்க தெரிய மாட்டாங்க. ஆனா ஒரே நாள்ல ரெண்டையும் வெச்சுக்காதீங்க. 3 வயசுப் புள்ள ஒரு கிலோமீட்டர் நடக்க எப்படியும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கும். கால் வலிச்சு இல்ல. ஒவ்வொரு கல்லையும் எடுத்துப் பாக்கணும், ஒவ்வொரு மரவட்டைக்கும் உக்காரணும். அத அவசரப்படுத்துனீங்கன்னா அன்னிக்கு நடை முடிஞ்சுது.

மழை பேஞ்சு தரை ஈரமா இருந்தா, புல்லுக்குள்ள நடந்துட்டு வந்ததும் அட்டை ஏதும் ஒட்டியிருக்கான்னு ஷூவக் கழட்டி ஒரு தடவ பாத்துருங்க.

மலைக்கோட்டை ரிட்டயர்டு

ஏற்காடுதான்னு ஏன் ஒத்தக் கால்ல நிக்கறீங்க? பொங்கல் லீவுல, அதுலயும் காணும் பொங்கலன்னிக்கு மலை ஏறுனா வளைவுலயே பாதி நாள் போயிரும். சேலத்தச் சுத்தி எந்தப் பக்கம் திரும்புனாலும் மலை.

நீங்க எறங்கற அம்மாபேட்டையில இருந்து ஆத்தூர் ரோட்ல போனா உடையாப்பட்டி, அங்க கந்தாஸ்ரமம். படியும் இருக்கு, வண்டிப் பாதையும் இருக்கு. அத்தைய ஆட்டோல மேல அனுப்பிட்டு நீங்க படியில ஏறுங்க. காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சா வெயிலுக்கு முன்னாடி எறங்கிரலாம். ஊத்துமலை முருகன் கோயிலும் அதே மாதிரிதான், சீலநாயக்கன்பட்டிப் பக்கம்.

சங்ககிரிக் கோட்டை பெரியவளுக்குக்கூட இப்ப வேண்டாம். ஒண்ணு மாத்தி ஒண்ணா பத்து வாசல் தாண்டி ஏறணும், படி சில எடத்துல தேஞ்சு கெடக்கு, நெழல் கெடையாது. தீரன் சின்னமலையத் தூக்குல போட்ட எடம், 1805ல. அந்தக் கதை புரியற வயசுல கூட்டிட்டுப் போனா அவளே ஓடி ஏறுவா.

கஞ்சமலை ஏறாதீங்க, அது பெரியவங்களுக்கே மூச்சு வாங்கும். ஆனா அடிவாரத்துல சித்தர் கோயில் வரைக்கும் போங்க, அமாவாசை இல்லாத நாளாப் பாத்து. போறப்ப வீட்டுல பழைய ஸ்பீக்கர் இருந்தா அதுல இருக்கற காந்தத்த எடுத்து ஒரு பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க. அந்த மலை பூரா இரும்புத் தாது. மழைத்தண்ணி ஓடுன தடத்துல கறுப்பா மணல் படிஞ்சிருக்கும் பாருங்க, அதுல காந்தத்த வெச்சா முள்ளு முள்ளா நின்னுக்கும். பேப்பரப் பிரிச்சா மணல் எல்லாம் பொலபொலன்னு உதுந்துரும், திரும்ப வெப்பாங்க, திரும்ப ஒட்டும். என் பேரன் மலைய நிமிந்துகூடப் பாக்கல, ரெண்டு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிரல.

கொண்டை ஊசி 20

சரி கிளியூர வாபஸ் வாங்கிக்கறேன் 😄 ஆனா வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன்ல புக்கிங் ஆரம்பிச்சிருக்காங்களே, 2024ல 40 பாதை அறிவிச்சாங்க. சேலம் மாவட்டமும் அதுல இருக்கு. கைடோட கூட்டிட்டுப் போவாங்க. அது சொல்லலாமா?

அஸ்தம்பட்டிக்காரி

நல்ல ஏற்பாடுதான் தம்பி. 2018ல தேனிப் பக்கம் குரங்கணியில ட்ரெக்கிங் போனவங்க அத்தன பேரு காட்டுத்தீயில செத்த பொறகு, அனுமதி இல்லாம காட்டுக்குள்ள போறதப் பத்தி நான் யாருகிட்டயும் பேசறதே இல்ல. சுலபம், நடுத்தரம், கடினம்னு பிரிச்சு வெச்சிருக்காங்க, சின்னப் புள்ளைங்களுக்கு வயசு விதியும் இருக்கு. அதப் படிச்சுட்டுத்தான் பணம் கட்டணும். தீப்பிடிக்கற காலத்துல மூடிருவாங்க. ஆனா இவரு கேட்ட ரெண்டு புள்ளைங்களுக்கு அது இன்னும் ரெண்டு மூணு வருசம் போகட்டும். கூட வர்ற மத்தவங்க வேகத்துக்கு 3 வயசு நடக்காது, நீங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே நடக்க வேண்டி வரும்.

ரிட்டயர்டு ஐயா சொன்ன காந்தம் பிரமாதம். நாளைக்கே பழைய ரேடியோவப் பிரிக்கப் போறேன்.

ரெண்டு பொண்ணுக்கு அப்பா

எல்லாருக்கும் நன்றிங்க. முடிவு பண்ணிட்டேன். காணும் பொங்கல் முடிஞ்சு கூட்டம் எறங்குனதும் ஒரு நாள் சேர்வராயன் கோயில், அதுக்கு முன்னாடி ஒரு காலையில கந்தாஸ்ரமம் படி. கஞ்சமலைக்குக் காந்தம் தேடிட்டு இருக்கேன், ஐயா பேரனுக்கு ஜே! வீட்டுல ஒரு குண்டு போட்டுட்டாங்க, எங்க காரை மச்சான் எடுத்துட்டுப் போறானாம். பஸ்ல போனா இதெல்லாம் நடக்குமா?

அஸ்தம்பட்டிக்காரி

தாராளமா. சேலம் புது பஸ் ஸ்டாண்டுல இருந்து ஏற்காடு பஸ் இருக்கு. முன் சீட்டு கெடைக்கற வரைக்கும் ஒரு பஸ்ஸ விட்டாக்கூடப் பரவால்ல, சின்னவளுக்குப் பின் சீட்டு ஆகாது. டிரைவர் நம்ம வேகத்துல ஓட்ட மாட்டாரு, அதனால ரெண்டு துணிப்பையும் ஒரு மாத்துச் சட்டையும் கைக்கெட்டற எடத்துல வெச்சுக்கோங்க. ஜனவரிக் குளிருக்கு அத்தைக்கும் புள்ளைங்களுக்கும் ஸ்வெட்டர் கட்டாயம், காதுக்குக் குல்லா.

மேல ஏரிகிட்ட எறங்கி ஒரு ஆட்டோவோ வேனோ பேசுங்க. "எல்லா பாயின்ட்டும் காட்டறேன் சார்"னு ஒரு தொகை சொல்லுவாங்க. அது வேண்டாம், சேர்வராயன் கோயில் மட்டும், ரெண்டு மணி நேரம் நிக்கணும்னு மொதல்லயே பேசிருங்க. ஏத்தத்துக்குக் கீழ நீங்களும் புள்ளைங்களும் எறங்கிக்கிட்டு, அத்தையயும் உங்க வீட்டம்மாவையும் மேல கொண்டு போய் விடச் சொன்னா சரியாப் போச்சு. நேரம் மிஞ்சுனா வர்ற வழியில ஆர்கிட் தோட்டத்துல விசாரிச்சுப் பாருங்க, பூச்சி திங்கற குடுவைச் செடி வெச்சிருக்காங்க, பெரியவ விட்டு வர மாட்டா. எறங்கி வந்து அம்மாபேட்டையில தட்டுவடை செட்டு வாங்கித் தர்றேன்னு சொல்லி வெச்சா வளைவுல அழுகை கொறையும், ஆனா எறங்கறதுக்கு முன்னாடி வாங்கிக் குடுத்துராதீங்க.

திரும்ப எறங்கற பஸ் எத்தன மணிக்குன்னு போறப்பவே கண்டக்டரக் கேட்டு வெச்சுக்கோங்க. சாயங்காலம் நாலு நாலரைக்குள்ள ஏறிட்டீங்கன்னா உக்காந்து வரலாம்.